நன்மை வாங்காத ஞாயிறுகள்: கருக்கலைப்பும் சமயச் சமூகங்களின் தீர்ப்பும்

2015-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக, 2018-இல் 'தி லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதே ஆய்வுக் குழுவினரின் கணக்கில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 7 லட்சம். ஓர் ஆண்டுக் கணக்கு மட்டும் இது. இருபது ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால், இந்தப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டியதில்லை. ஞாயிறு பூசையில் முக்காடிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். ஜெபக்கூட்டத்தில் பக்கத்துப் பாயில் இருக்கிறார்கள். ஆனால் தங்கள் நடுவில் இப்படி ஒருத்தி இருப்பதாக எந்தச் சபையும் பேசுவதில்லை. பிரசங்கத்தில் மட்டும் வருகிறாள், பெயர் இல்லாமல், கொலைகாரியாக.

விதிகளுக்கு உட்பட்டுச் செய்துகொண்டால் சட்டம் அவளைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. சாந்திலால் ஷா குழு 1966-இல் தந்த அறிக்கையின் அடிப்படையில் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உலகில் பல நாடுகள் இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் முன்பே நம்மிடம் சட்டம் வந்துவிட்டது. பெரிய போராட்டம் எதுவும் இல்லாமல், குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்தின் நிழலில் வந்தது என்பதும் உண்மை. அதனால்தானோ என்னவோ, ஆஸ்பத்திரிக் கதவு திறந்த அளவுக்குக் கோயில் வாசலிலும் மாதா கோவில் வாசலிலும் பேச்சு திறக்கவில்லை. அரை நூற்றாண்டு கடந்தும், கருவைக் கலைத்த பெண் போலீசுக்குப் பயப்படுவதை விடச் சொந்தச் சபைக்குத்தான் அதிகம் பயப்படுகிறாள்.

அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வருகிறது, அது ஒரு பெண்ணை என்ன செய்கிறது, பெண்கள் அதை எப்படித் தாங்குகிறார்கள் என்ற மூன்றையும் பார்க்கலாம். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமய நூல் சொல்வது வேறு, சமயச் சமூகம் சொல்வது வேறு. நூல் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அதற்குள் விதிவிலக்கு உண்டு, மன்னிப்பு உண்டு, ரகசியம் காக்கும் கடமை உண்டு. ஊர்வாய்க்கு இந்த மூன்றும் கிடையாது.

கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து தொடங்குவோம். கருக்கலைப்பை எதிர்ப்பதில் அதைவிட உறுதியான அமைப்பு வேறில்லை. பங்கு எனப்படும் ஊர்த் திருச்சபையில் இது எப்படி வெளிப்படுகிறது என்று அறிய நற்கருணை (பேச்சு வழக்கில் 'நன்மை') நேரத்தைக் கவனித்தால் போதும். பெஞ்சு பெஞ்சாக எழுந்து வரிசையில் போவார்கள். ஒருத்தி மட்டும் முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்தே இருப்பாள். பூசை முடிந்து படியிறங்கும்போது கேள்வி வரும்: "என்னக்கா, நன்மை வாங்கலியா?" "காப்பி குடிச்சிட்டு வந்துட்டேன்ப்பா." நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் உண்ணக் கூடாது என்பது விதி, அதனால் இந்தப் பதில் செல்லும். ஒரு ஞாயிறுக்குச் செல்லும். மூன்றாவது ஞாயிறு செல்லாது. அந்த வாரம் தெருக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் செபமாலை முடிந்து சுண்டல் கைமாறும்போது, அவள் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்பது தெருவுக்குத் தெரிந்திருக்கும்.

அவள் ஏன் எழுந்து போகவில்லை? கருக்கலைப்பு செய்தவர் தானாகவே திருச்சபையிலிருந்து விலக்கப்படுகிறார் என்று எங்கேயோ கேட்டிருக்கிறாள். அது பொய்யில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1398-ஆம் விதியாக இருந்து, 2021 திருத்தத்துக்குப் பின் 1397-ஆம் விதியின் இரண்டாம் பிரிவாக இருப்பது அதைத்தான் சொல்கிறது. ஆனால் அதே தொகுப்பின் 1323, 1324-ஆம் விதிகளை யாரும் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். 16 வயது நிறையாதவர் மேல் தண்டனையே இல்லை. 18 வயது நிறையாதவர், பெரும் அச்சத்துக்கு ஆளாகிச் செய்தவர், இப்படி ஒரு தண்டனை இருப்பதைத் தன் தவறு இன்றி அறியாதிருந்தவர் ஆகியோருக்கு இந்தத் 'தானாக விழும்' விலக்கு விழாது. மாமியாரும் கணவனும் சேர்ந்து ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோன பெண்ணும், வீட்டுக்குத் தெரிந்தால் வெட்டிவிடுவார்கள் என்று நடுங்கிய கல்லூரி மாணவியும் இந்த விதிகளுக்குள் வர வாய்ப்பு அதிகம். திருச்சபையின் பார்வையில் பாவம் பாவமாகவே இருக்கும். ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) தேவைப்படும். ஆனால் விலக்கு வேறு, பாவம் வேறு. நன்மை வாங்காமல் வருடக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பலர், திருச்சபை விதிக்காத தண்டனையைத் தாங்களே அனுபவித்துக்கொண்டிருக்கக்கூடும்.

இன்னொன்றும் இருக்கிறது. 1329-ஆம் விதிப்படி, யார் உடந்தையாக இல்லாவிட்டால் அந்தச் செயல் நடந்தே இருக்காதோ அவருக்கும் அதே தண்டனை உண்டு. பணம் கட்டி, கையைப் பிடித்து அழைத்துப்போய், "இன்னிக்கே முடிச்சிடு" என்று நின்ற ஆணும் இதில் அடங்கலாம். அவன் அடுத்த ஞாயிறு பாடகர் குழுவில் நின்று அல்லேலூயா பாடுகிறான். அவனைப் பார்த்து, நன்மை வாங்கினாயா என்று எந்தக் கூட்டத்திலும் ஒருவரும் கேட்பதில்லை. சட்டத் தொகுப்பு இருவரையும் சமமாக நிறுத்துகிறது. பங்குதான் ஒருத்தியை மட்டும் பொறுக்கி எடுக்கிறது.

போதனை எக்காலத்தும் ஒரே மாதிரி இருந்ததும் இல்லை. கரு உருவம் கொண்ட பிறகே மனித ஆன்மா வருகிறது என்ற அரிஸ்டாட்டில் வழி வந்த கருத்தைத் தாமஸ் அக்குவினாஸ் ஏற்றுக்கொண்டிருந்தார். உருவம் பெறாத கருவைக் கலைப்பது பாவம் என்றாலும் கொலைக்குச் சமம் அல்ல என்பது நெடுங்காலம் இருந்த வேறுபாடு. 1588-இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அந்த வேறுபாட்டை நீக்கி எல்லாவற்றுக்கும் விலக்கு விதித்தார். மூன்றே ஆண்டில், 1591-இல், பதினான்காம் கிரகோரி அதைத் தளர்த்தினார். 1869-இல் ஒன்பதாம் பயஸ் மறுபடியும் வேறுபாட்டை எடுத்துவிட்டார். இன்று நிற்பது அந்தத் தொடர்ச்சி. இதைச் சொல்வதால் போதனை மென்மையாகிவிடாது. ஆனால் "ஆதியிலிருந்தே இப்படித்தான்" என்று ஒரு பெண்ணை மிரட்டும் ஆளுக்கு வரலாறு தெரியாது என்பது மட்டும் தெளிவாகும்.

திருத்தந்தை பிரான்சிஸ் விஷயத்தை இருபுறமும் பார்க்க வேண்டும். இரக்கத்தின் ஜூபிலி ஆண்டை முன்னிட்டு 2015 செப்டம்பர் 1 அன்று எழுதிய கடிதத்தில், கருக்கலைப்புப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் கொடுத்தார். 2016 நவம்பரில் அந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கினார். அதுவரை சட்டப்படி ஆயருக்கு உரியதாக இருந்த இந்த அதிகாரம், ஆயர்கள் விரும்பிய மறைமாவட்டங்களில் குருக்களுக்குப் பகிரப்பட்டிருந்தது. இனி எந்தக் கிராமத்துப் பங்குத்தந்தையிடமும் போகலாம். அதே பிரான்சிஸ்தான் 2018 அக்டோபரில் கருக்கலைப்பைக் கூலிக்கு ஆள் வைத்துக் கொல்வதோடு ஒப்பிட்டுப் பேசினார். நம் ஊர்ப் பிரசங்க மேடைகளுக்கு இரண்டாவது பேச்சு வேகமாக வந்து சேர்ந்தது. முதல் கடிதம் எத்தனை பங்குகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது என்று கேட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்கச் சீர்திருத்தச் சபைகளின் கதை இன்னும் விசித்திரமானது. இங்குள்ள பல சுயாதீனச் சபைகளுக்குப் புத்தகமும் பிரசங்க நடையும் அங்கிருந்து வருவதால் அதைச் சொல்லியாக வேண்டும். 1967-இல் நியூயார்க்கின் ஜட்சன் நினைவு ஆலயப் போதகர் ஹோவர்ட் மூடியும் அவரோடு சேர்ந்து மொத்தம் 21 போதகர்களும் யூத ரபிகளும், சட்டவிரோதக் கருக்கலைப்பில் பெண்கள் சாவதைப் பார்க்கச் சகிக்காமல், பாதுகாப்பான மருத்துவரிடம் வழிகாட்டும் ஆலோசனைச் சேவையை வெளிப்படையாக அறிவித்துத் தொடங்கினார்கள். 1971-இல் தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு, பாலியல் வன்முறை, கருவின் கடும் குறைபாடு, தாயின் உடல் மன நலம் ஆகிய காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்கு உழைக்கும்படி தன் உறுப்பினர்களைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. 1980-இல் அதே மாநாடு தலைகீழாகத் திரும்பியது. வேதாகமம் அந்த ஒன்பது ஆண்டுகளில் மாறவில்லை, அரசியல் மாறியது.

இஸ்லாத்தில் கருவுக்கு ரூஹ் (ஆன்மா) ஊதப்படுவது 120 நாட்களுக்குப் பிறகு என்று ஒரு ஹதீஸின் அடிப்படையில் பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். அதற்குப் பின் தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதி என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு முன் என்ன என்பதில்தான் மத்ஹபுகள் எனும் சட்ட மரபுகள் பிரிகின்றன. ஹனஃபி அறிஞர்களில் பலர் தக்க காரணம் இருந்தால் அனுமதித்தார்கள். ஷாஃபி மரபுக்குள் இருதரப்பும் உண்டு. அறிஞர் கஸ்ஸாலி எந்தக் கட்டத்திலும் கூடாது, நாள் ஏற ஏறக் குற்றம் கனக்கும் என்றார். மாலிக்கிகள் மிகக் கடுமை. 1990-இல் மக்காவின் ஃபிக்ஹு பேரவை, கருவுக்குக் கடுமையான, தீர்க்க முடியாத குறைபாடு இருப்பதாக மருத்துவர் குழு உறுதிசெய்தால் 120 நாளுக்குள் கலைக்கலாம் என்றது. துனிசியா 1973-லேயே முதல் மூன்று மாதத்துக்குப் பெண்ணின் விருப்பத்தை ஏற்றுச் சட்டம் போட்டது. தமிழகத்தின் கடற்கரை முஸ்லிம் ஊர்களில் ஷாஃபி வழியும் உள்நாட்டில் ஹனஃபி வழியும் பெரும்பான்மை. ஆகவே காயல்பட்டினத்தில் ஒருவர் சொல்லும் விடையும் திண்டுக்கல்லில் ஒருவர் சொல்லும் விடையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

இதைவிட முக்கியமானது தவ்பா, அதாவது பாவமன்னிப்புக் கேட்டு மீள்வது. அது அடியாருக்கும் இறைவனுக்கும் இடையே. நடுவில் ஹஜ்ரத்தும் இல்லை, ஜமாஅத் தலைவரும் இல்லை. தன் பாவத்தை ஊரறியச் சொல்லவேண்டாம் என்பதும், அடுத்தவர் குறையை மூடிவைக்க வேண்டும் என்பதும், புறம் பேசுவது இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பு என்பதும் மார்க்கம் அறிந்த எல்லோருக்கும் மனப்பாடம். இருந்தும் திருமண வீட்டு மாடியில் பெண்கள் பகுதியில் நடக்கும் விசாரணையில் இந்தப் பாடம் ஒருவருக்கும் நினைவு வருவதில்லை.

இந்து சமயத்தில் விலக்க ஒரு சபை இல்லை, மன்னிக்க ஒரு குருவும் இல்லை. தர்மசாஸ்திரங்கள் கருவை அழிப்பதைப் பெரும் பாதகங்களோடு சேர்த்தே சொல்கின்றன, பிராயச்சித்தங்களையும் சொல்கின்றன. தாயின் உயிர் ஊசலாடும்போது கருவை எடுத்துவிடும் முறையை சுஸ்ருத சம்ஹிதை விவரிக்கிறது. ஆனால் தஞ்சாவூரிலோ தாராபுரத்திலோ ஒரு பெண் தர்மசாஸ்திரத்தைச் சந்திப்பதில்லை. அவள் சந்திப்பது ஜோசியரை. கலைத்த ஐந்தாண்டு கழித்துக் குழந்தை தங்கவில்லை என்று ஜாதகத்தை விரித்தால், "முன்னாடி ஏதாவது கலைச்சீங்களா?" என்று கேட்பார். கணவனும் மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கருவின் சாபம், பரிகாரம், ராமேஸ்வரத்தில் தில ஹோமம் என்று பட்டியல் நீளும். முறையாகச் செய்யப்பட்ட கருக்கலைப்பு பிற்காலக் கருத்தரிப்பைப் பொதுவாகப் பாதிப்பதில்லை என்பதுதான் மருத்துவம் சொல்வது. சிக்கல் பெரும்பாலும் அரைகுறையாக, ஒளித்துச் செய்யப்பட்டதால் வரும் தொற்றிலிருந்து. ஒளிக்கவைத்தது யார் என்று ஜாதகக் கட்டத்தில் தெரியாது.

இதே வியாபாரம் ஜப்பானில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1948 முதல் அங்கே கருக்கலைப்புக்குச் சட்ட அனுமதி உண்டு. 1970-களில், பிறக்காத கருக்களுக்கான 'மிசுகோ குயோ' என்ற பௌத்தச் சடங்கு பரவியது. டோக்கியோவின் சோஜோஜி கோயிலில் சிவப்புக் குல்லாயும் கழுத்துத் துணியும் கட்டிய சின்னச் சின்ன ஜிஸோ சிலைகள் வரிசையாக நிற்கும். பக்கத்தில் காகிதக் காற்றாடிகள் சுழலும். பல பெண்களுக்கு அது ஆறுதல். அழ ஓரிடம் கிடைத்தது, அழுததை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் கருவின் ஆவி பழிவாங்கும் என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்து, பயத்தைக் காசாக்கிய கோயில்களும் மடங்களும் இருந்தன. ஹெலன் ஹார்டேக்கர் என்ற ஆய்வாளர் இந்தப் பயமுறுத்தும் வணிகத்தைப் பற்றியே 1997-இல் ஒரு நூல் எழுதினார். ஒரே சடங்கு ஒருத்தியை ஆற்றவும் செய்யும், இன்னொருத்தியிடமிருந்து பிடுங்கவும் செய்யும். பயத்தைக் கிளப்பிவிட்டு அதற்கு விலை சொல்கிற இடமா, பயத்தைத் தணிக்கிற இடமா என்று பார்த்தால் வேறுபாடு புரிந்துவிடும்.

இனி, சமூகம் உண்மையில் எதைத் தீர்ப்பளிக்கிறது என்ற கேள்வி. கருவுக்காக என்றால் எல்லாக் கருக்கலைப்புக்கும் ஒரே மாதிரி கோபம் வரவேண்டும். அப்படி வருவதில்லை. இரண்டு பிள்ளை பெற்ற, தாலி கட்டிய பெண் "தள்ளிப்போயிருந்துச்சு, போய் வாஷ் பண்ணிட்டு வந்துட்டேன்" என்று தங்கச்சியிடம் சொன்னால் வீட்டில் ரசம் வைத்துக் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் பேச்சு முடிந்துவிடும். பெண் குழந்தை என்று ஸ்கேனில் சட்டவிரோதமாகத் தெரிந்துகொண்டு கலைத்த வீட்டையும் ஊர் ஒதுக்கியதில்லை. 1994-இல் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. கல்யாணம் ஆகாதவள், கணவனை இழந்தவள், வேறு சாதிக்காரனை விரும்பியவள் என்றால்தான் திடீரென்று எல்லோருக்கும் சிசுவின் மேல் பாசம் பொங்கும். ஆகவே விசாரணைக் கூண்டில் நிற்பது கரு அல்ல, அந்தப் பெண்ணின் படுக்கை.

சட்டத்திலும் இந்தக் கறை ஐம்பது ஆண்டு இருந்தது. கருத்தடை தோற்றதைக் காரணமாகக் காட்டும் உரிமை 1971 சட்டத்தில் மணமான பெண்ணுக்கும் அவள் கணவனுக்கும் மட்டும். 2021 திருத்தம்தான் அதை எந்தப் பெண்ணுக்கும் அவள் இணையருக்கும் என்று மாற்றியது. 20 முதல் 24 வாரம் வரையிலான அனுமதி மணமாகாத பெண்ணுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பெல்லாம் ஒரு பெண்ணின் மனத்தை என்ன செய்கிறது? இதில் நல்ல ஆய்வுகள் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கின்றன. டயானா கிரீன் ஃபாஸ்டர் தலைமையில் நடந்த 'டர்ன்அவே' ஆய்வு, 30 மருத்துவமனைகளுக்கு வந்த ஏறக்குறைய 1,000 பெண்களை ஐந்தாண்டு பின்தொடர்ந்தது. கருக்கலைப்பு கிடைத்தவர்களும் உண்டு, நாள் கடந்துவிட்டதென்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. செய்துகொண்டவர்கள் ஐந்தாண்டு முழுவதும் அதிகம் சொன்ன உணர்வு நிம்மதி. அது சரியான முடிவே என்று 95 சதவீதத்துக்கு மேல் சொன்னார்கள். ஆனால் ஊரும் உறவும் தன்னைத் தாழ்வாகப் பார்க்கும் என்று தொடக்கத்தில் மிகவும் அஞ்சியவர்களிடம், ஆண்டுகள் கழித்தும் மன உளைச்சல் கூடுதலாக இருந்தது. பிரெண்டா மேஜரும் ரிச்சர்ட் கிராம்சோவும் 442 பெண்களை இரண்டாண்டு தொடர்ந்து ஆராய்ந்து 1999-இல் எழுதியது இதற்கு இன்னொரு விளக்கம் தருகிறது. மறைத்தே ஆகவேண்டும் என்று நினைத்தவர்கள் அந்த நினைவை அமுக்கினார்கள், அமுக்க அமுக்க அது மேலும் மேலும் மேலே வந்தது, வேதனை கூடியது.

அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் காலத்துத் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் தீவிர சுவிசேஷக் கிறிஸ்தவர், கருக்கலைப்பை எதிர்த்துப் புத்தகம் எழுதியவர். கருக்கலைப்பு பெண்ணின் மனநலத்தைக் கெடுக்கிறது என்று அறிக்கை தரும்படி அரசு அவரைக் கேட்டது. 1989 ஜனவரியில் அவர் அனுப்பிய கடிதத்தில், அப்படி முடிவு சொல்லும் தரத்தில் சான்று இல்லை என்று எழுதினார். நம்பிக்கையை ஒரு கையிலும் நேர்மையை இன்னொரு கையிலும் பிடித்திருந்த மனிதர். 'கருக்கலைப்புக்குப் பிந்தைய நோய்க்குறி' என்ற பெயரில் சில தியான முகாம்களில் இன்றும் சொல்லப்படுவதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஒரு நோயாக ஏற்றதே இல்லை.

கேர் நெட் என்ற கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்பு 2015-இல் லைஃப்வே ஆய்வு நிறுவனத்தைக் கொண்டு நடத்திய கணக்கெடுப்பு இன்னும் கசப்பானது. கருக்கலைப்பு செய்த 1,038 பெண்களிடம் கேட்டார்கள். பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்தச் சமயத்தில் மாதம் ஒரு முறையாவது சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். முடிவெடுக்கும் முன் சபையில் யாரிடமாவது பேசியவர்கள் 7 சதவீதம். ஒரு குடும்பம் போல இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் சபைக்கு இதைவிட மோசமான மதிப்பெண் கிடையாது.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வார்த்தை. "நீ எந்தத் தப்பும் செய்யல, விட்டுடு" என்று நல்ல மனத்தோடு சொல்லும் தோழிகளும் முற்போக்கு ஆலோசகர்களும் சில சமயம் காயத்தின் மேல் உப்பையே தடவுகிறார்கள். நம்பிக்கையுள்ள பெண்ணுக்கு, தான் கடவுளுக்கு முன் நிற்கிறேன் என்பது விளையாட்டல்ல. அவளுடைய துக்கத்தை ஊர் கொடுத்த அவமானத்தோடு சேர்த்துத் துடைத்துப் போட முடியாது. துக்கம் ஒன்று, குற்றவுணர்ச்சி ஒன்று, மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் ஒன்று. மூன்றும் ஒன்றாக வந்து நெஞ்சை அடைக்கும்போது எது எது என்று பிரித்துச் சொல்ல ஒருவர் துணை வேண்டும். துக்கத்துக்கு அழுகை போதும். குற்றவுணர்ச்சிக்கு அவரவர் மதத்தில் வழி இருக்கிறது. பயத்துக்கு மருந்து ரகசியத்தைக் காப்பாற்றும் ஆள்.

பெண்கள் உண்மையில் செய்வது பெரும்பாலும் இதுதான்: யாரோ ஒருவரிடம் சொல்கிறார்கள். அது அம்மாவாக இருப்பது அபூர்வம். அத்தை, தூரத்து ஊரில் இருக்கும் பள்ளித் தோழி, சில சமயம் சபைக்கு வெளியே இருக்கும் வேற்று மதத்து அண்டை வீட்டு அக்கா. ஒருவரிடமாவது சொல்லிவிடுவதும் எல்லோரிடமும் சொல்லாமலிருப்பதும் இரண்டுமே தேவை. கத்தோலிக்கப் பெண் பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பினால் சொந்தப் பங்கில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. வேளாங்கண்ணியிலோ வேறு திருத்தலத்திலோ, முகம் தெரியாத குருவிடம் செய்யலாம். கேட்டதை வெளியே சொல்லும் குருவுக்கே திருச்சபை விலக்குத் தண்டனை காத்திருக்கிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் 'சாட்சி' சொல்லும் பழக்கம் இதற்கு நேர் எதிர். மைக்கைக் கையில் கொடுத்து, "தேவன் என்னை எதிலிருந்து மீட்டார்" என்று சொல்லச் சொல்வார்கள். கண்ணீரும் கைதட்டலுமாக அந்த மாலை இனிக்கும். ஆனால் அங்கே சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. இரண்டு வருடம் கழித்துப் பெண் பார்க்க வரும் வீடு அந்தச் சாட்சியைக் கேள்விப்பட்டிருக்கும். இப்போது யூடியூபிலும் இருக்கும். யாராவது மேடைக்கு அழைத்தால் மறுத்துவிடுவது விசுவாசக் குறைவு அல்ல.

சபையை மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு, விட்டே போகிறவர்கள் உண்டு. போவது தோல்வியல்ல. ஆனால் கிராமத்தில் சபை என்பது உறவு, கல்லறைத் தோட்டம், பிள்ளைகளின் கல்யாணம் எல்லாமே. அதனால் பலர் உள்ளேயே இருந்துகொண்டு சின்னச் சின்னத் தந்திரங்களால் நாளை ஓட்டுகிறார்கள். டிசம்பர் 28 மாசற்ற குழந்தைகள் திருநாளில் இந்தப் பிரசங்கம் வரும் என்று தெரிந்து அன்று ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஜோசியர் கேட்டால் இல்லை என்கிறார்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு பலருக்குத் தெரியாது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய ஒப்புதல் மட்டும் போதும். கணவன் கையெழுத்து, அப்பா கையெழுத்து எதுவும் சட்டப்படி தேவையில்லை. பெயர் எழுதப்படுவது ஒரே ஒரு சேர்க்கைப் பதிவேட்டில். மற்ற எந்தத் தாளிலும், ஆபரேஷன் தியேட்டர் பதிவேட்டிலும், பின்தொடர் அட்டையிலும் வரிசை எண் மட்டுமே இருக்க வேண்டும் என்பது விதி. 2021-இல் சேர்க்கப்பட்ட 5ஏ பிரிவின்படி, சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர வேறு யாரிடமும் மருத்துவர் அவளுடைய விவரத்தைச் சொன்னால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் சிறார் பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் குறுக்கே வரும். ஆனால் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று அதே 2022 தீர்ப்பு சொல்கிறது. பிறகும் மனம் கனத்துக்கொண்டே இருந்தால் 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். வீட்டில் மிரட்டலோ அடியோ என்றால் பெண்கள் உதவி எண் 181.

இலங்கைத் தமிழ்ப் பெண்ணுக்கு இந்த ஆறுதலும் இல்லை. 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் அங்கே இன்னும் தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதிக்கிறது. பாலியல் வன்முறைக்கும் கருவின் பிழைக்க முடியாத குறைபாட்டுக்கும் விலக்குத் தர 2017-இல் அரசு முன்வந்தபோது கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள். முயற்சி கிடப்பில் போடப்பட்டது. அங்கே ஊர்வாயும் சட்டமும் ஒரே குரலில் பேசுவதால், ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதுகூட ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறார்கள்.

பங்குத்தந்தைகளுக்கும் போதகர்களுக்கும் ஹஜ்ரத்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் போதனையை மாற்றச் சொல்லவில்லை. அடுத்த முறை மேடையில் இதைப் பேசும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் இதைச் செய்தவர்கள் என்ற நினைப்போடு பேசுங்கள். கண்டிப்பைச் சொல்லும் அதே மூச்சில் மன்னிப்பின் வழியையும் சொல்லுங்கள். ஆணைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாசகர்களுக்கு இன்னொன்று. உங்களிடம் ஒருத்தி வந்து சொன்னால், ஏன் எதற்கு என்று தொடங்காதீர்கள். ரத்தப்போக்கு எப்படி இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறதா, ஏதாவது சாப்பிட்டாளா என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அவள் சொன்னதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். ஜெபக்குறிப்பாகக்கூட.